பள்ளி அணியின் பன்ட்டர் வாரத்துக்கு எத்தனை உதை உதைக்கலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கும் பையன்தான் பன்ட்டர். சீசன் நடக்கும் மாதங்களில் ஒரு ஹைஸ்கூல் பன்ட்டருக்கு வாரத்துக்கு மொத்தம் 100 உதை போதும். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் உதைப்பதும், ஆட்டத்துக்கு முன் காலைச் சூடாக்க உதைப்பதும் இந்த நூறுக்குள்தான். சீசன் இல்லாத மாதங்களில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 35 முதல் 45. உதைக்காமல் பந்தைக் கையிலிருந்து விடும் பயிற்சி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதைத் தினமும் செய்யலாம், வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

நான் கோச் இல்லை. நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சாதாரண அப்பா. என் மகன் எட்டாம் வகுப்பு வரை சாக்கர் ஆடிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பில் ஃபுட்பால் கோச் அவன் உதைப்பதைப் பார்த்துவிட்டு, "பன்ட் செய்து பார்க்கிறாயா" என்று கேட்டார். அன்று தொடங்கி நான்கு வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்து, பந்து பொறுக்கி, வெவ்வேறு கோச்சுகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இங்கே இருப்பவை. எண்கள் எல்லாம் அனுபவக் கணக்கு. உங்கள் பையனின் வயது, வளர்ச்சியைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். கூட்ட வேண்டாம்.

பன்ட்டரின் வேலை என்ன

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தோடு ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். மூன்று முயற்சியிலும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணியிடமே கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் தள்ளிக் கொடுக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். அதற்கான உதைதான் பன்ட். பந்தைக் கையிலிருந்து விட்டு, அது தரையைத் தொடும் முன் உதைக்க வேண்டும்.

ஓர் ஆட்டத்தில் இது நான்கைந்து தடவைதான் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எதிரணிக்காரர்கள் ஓடி வரும்போது செய்ய வேண்டும். இரு அணியும் எதிரெதிரே நிற்கும் கோட்டுக்கு 13 முதல் 15 யார்டு பின்னால் பன்ட்டர் நிற்கிறான். கோட்டில் குனிந்து நிற்பவன் கால்களுக்கு நடுவே பின்னால் எறியும் பந்து (ஸ்னாப்) அவன் கைக்கு வர ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பிடித்ததிலிருந்து உதைக்கும்வரை அவனுக்குக் கிடைப்பது 1.3 வினாடி. ஆக மொத்தம் 2.2 வினாடிக்குள் பந்து காலைவிட்டுப் போயிருக்க வேண்டும். தாமதித்தால் எதிரணிக்காரன் கை பந்தின் மேல் இருக்கும்.

பையன்கள் தூரத்தை மட்டும் பார்ப்பார்கள். அப்பாக்களும்தான், நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் பார்க்க வேண்டியது பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறது என்பதை. ஹேங் டைம் என்பார்கள். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 3 வினாடி காற்றில் இருக்கும் பந்து 11 மீட்டர் உயரம் போகிறது. 4 வினாடி இருந்தால் ஏறக்குறைய 20 மீட்டர், அதாவது ஆறு மாடி. அந்த ஒரு வினாடிதான் எதிரணிக்காரன் பந்தைப் பிடித்து ஓடத் தொடங்குகிறானா, அல்லது நம் பையன்கள் சுற்றி நிற்க, ஓடும் எண்ணத்தையே விட்டுக் கையைத் தூக்கி ஃபேர் கேட்ச் (ஓடாமல் பந்தைப் பிடிக்க மட்டும் அனுமதி) கேட்கிறானா என்பதைத் தீர்மானிக்கிறது. பள்ளி அளவில் 35 யார்டு, 4 வினாடி என்பது நல்ல பன்ட். 48 யார்டு, 3.2 வினாடி என்பது பார்க்க அழகாக இருக்கும், எதிரணிக்கு டச் டவுன் வாங்கித் தரும்.

தொழில்முறை ஆட்டத்தில் இதற்கு அடையாளமாக எல்லோரும் சொல்லும் பெயர் ரே கை. 1973 டிராஃப்ட்டின் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றிலேயே ரெய்டர்ஸ் அணி அவரை எடுத்தது. ஒரு பன்ட்டருக்கு அது கேள்விப்படாத மரியாதை. சிறந்த வீரர்கள் மோதும் 1976 ப்ரோ பவுல் ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமின் நடுவில் தொங்கிய திரையிலேயே அவர் பந்து போய் மோதியது. அப்படிப்பட்டவரையும் பன்ட்டர் என்பதால் காக்க வைத்து, 2014இல்தான் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். வெறும் பன்ட்டராக உள்ளே போன முதல் ஆள் அவர்தான்.

ஏன் எண்ண வேண்டும்

பேஸ்பால் பையன்களின் தோளைக் காப்பாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் பரிந்துரையின்படி, 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 தடவைக்கு மேல் பந்து எறியக்கூடாது. அதற்கேற்ப ஓய்வு நாட்களும் உண்டு. பன்ட் உதைக்கும் காலுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் உங்களிடம் நீட்ட மாட்டார்கள். நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் ஏன் அப்படிக் கெடுகிறது? தொடையின் முன்பக்கத் தசைகளில் ஒன்று இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டி வருகிறது. காலை முன்னால் தூக்குவதும் அதுதான், முழங்காலை நீட்டுவதும் அதுதான். பன்ட்டில் இரண்டும் ஒரே நொடியில், முழு வேகத்தில் நடக்கின்றன. 14 முதல் 17 வயதில் அந்தத் தசைநார் ஒட்டியிருக்கும் இடுப்பெலும்பு முனை இன்னும் முழுதாகச் சேர்ந்திருக்காது. வளர்ந்த ஆளுக்குத் தசை கிழியும். இந்த வயதுப் பையனுக்கு எலும்பின் சின்னத் துண்டே பிய்ந்துகொண்டு வரலாம். அது நடக்கும்போது 'பட்' என்று ஓர் உணர்வு, அப்புறம் காலைத் தூக்கவே முடியாது என்று விளையாட்டு மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார்.

எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை, பக்கத்தில் போனது. பத்தாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் ஒருநாள் கிக்கிங் கேம்ப் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். வரிசையில் நின்று உதை, போட்டியாக உதை, தோற்றவன் மறுபடி உதை. மதியம் வரை நானும் உற்சாகமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு வீடியோவை ஓட்டி எண்ணிப் பார்த்தால் 130க்கு மேல். மறுநாள் காலை அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. தசைப்பிடிப்பு, நான்கு வாரம் உதைக்கக்கூடாது என்றார் மருத்துவர். கேம்ப்காரரைக் குறை சொல்லலாம்தான். ஆனால் பக்கத்திலேயே நின்ற நான் எண்ணவில்லையே.

இன்னொரு காரணம் வேடிக்கையானது. இரண்டு மணி நேர அணிப் பயிற்சியில் பன்ட்டருக்கு வேலை பத்து நிமிடம்தான். மீதி நேரம் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்கும் பதினைந்து வயதுப் பையன் என்ன செய்வான்? உதைப்பான். கோச் கண்ணில் 'உழைப்பாளி' என்று பட வேண்டும் என்றும் உதைப்பான். அதிக உதை ஏறுவது பெரும்பாலும் இந்த வெட்டி நேரத்தில்தான்.

படி 1: இப்போது எங்கே இருக்கிறான் என்று அளப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு போன் போதும். நன்றாகக் காலைச் சூடாக்கியபின் 10 பன்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: கோட்டிலிருந்து எத்தனை யார்டு, எத்தனை வினாடி காற்றில், நினைத்த பக்கம் போனதா இல்லையா. பந்து காலில் படும் சத்தத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, பந்து தரையில் படும்போது நிறுத்த வேண்டும்.

நல்ல உதையை மட்டும் எழுதும் ஆசை வரும். பத்தையும் எழுதுங்கள், பக்கவாட்டில் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்ததையும் சேர்த்து. எங்கள் முதல் நோட்டில் அதிகபட்சம் 41 யார்டு, குறைந்தபட்சம் 9. அந்த 41ஐ வைத்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். கோச் 9ஐப் பார்த்தார். பள்ளி அணியில் இடம் கிடைப்பது மோசமான உதை எவ்வளவு மோசம் என்பதை வைத்துத்தான். மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பத்தை மறுபடி எடுத்தால் போதும். வாராவாரம் அளந்தால் பையனுக்கு அதுவே பரீட்சை ஆகிவிடும்.

பந்தையும் கவனியுங்கள். பள்ளி ஆட்டப் பந்து 14 முதல் 15 அவுன்ஸ், காற்று 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ. கடையில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் பந்தில் பழகிவிட்டு ஆட்டத்தில் தோல் பந்தைத் தொட்டால் கை திணறும். பள்ளி எந்தப் பந்து வைத்திருக்கிறதோ அதையே ஐந்து வாங்குங்கள். பதினைந்து வேண்டாம். ஐந்து உதைத்தபின் அவனே நடந்து போய்ப் பொறுக்கி வர வேண்டும். கால் இளைப்பாற அந்த நடை போதும். நான் ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்த மாதங்களில்தான் அவன் அளவுக்கு மீறி உதைத்தான்.

படி 2: கை, தினமும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பன்ட் கெடுவது பெரும்பாலும் காலில் இல்லை, கையில். வலது கால் பையன் என்றே வைத்துச் சொல்கிறேன். இடது காலுக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தையல் மேலே இருக்கட்டும். வலது கை பந்தின் பின்பாதியை, கைகுலுக்குவதுபோலப் பக்கவாட்டில் பிடிக்கிறது. இடது கை முன்பக்கத்தைத் தாங்குகிறது, அவ்வளவுதான். பந்து உடம்பின் நடுவில் இருக்கக்கூடாது. வலது காலுக்கு நேர் முன்னால், கை நன்றாக நீண்டிருக்க வேண்டும். பந்தின் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி, கொஞ்சமே கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும். இடது கை முதலில் விலகுகிறது. அப்புறம் வலது கை பந்தை விடுகிறது. எறியக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது. கீழே இருந்த மேசையை யாரோ இழுத்துவிட்டதுபோல் பந்து அப்படியே இறங்க வேண்டும்.

இடுப்புக்கு மேலிருந்து விட்ட பந்து முழங்காலுக்குப் பக்கத்தில் பாதத்தைச் சந்திக்கிறது. அரை மீட்டர் இறக்கம், மூன்றில் ஒரு பங்கு வினாடி. அதற்குள் மூக்கு ஒரு விரல் அகலம் தவறாகத் திரும்பினாலும் சுழலும் பந்து சுழலாது, புறா சிறகடிப்பதுபோல் தள்ளாடி விழும்.

வீட்டில் பழகும் முறை இது. தரையில் ஒரு மிதியடியைப் போடுங்கள். அதற்குப் பின்னால் நின்று பந்தை மிதியடியின் நடுவில் விட வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பந்தின் வயிறு தரையில் பட்டால் 'தொப்' என்று ஒரே சத்தம். மூக்கு முதலில் பட்டால் 'டக்' என்று ஒன்று, தடுமாறி இன்னொன்று, பந்து சோபாவுக்கு அடியில் இருக்கும். எங்கள் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் என் மனைவி ஹாலை எட்டிக்கூடப் பார்க்காமல், "மூக்கு கீழ போவுதுடா" என்பார். சரியாகத்தான் இருக்கும். இதுவரை ஒரு பூச்சாடியும் ஒரு டிவி ரிமோட்டும் போயிருக்கின்றன.

எண்ணிக்கை: தினம் 50 விடுதல், ஒரு வேளையில் 25. முதலில் நின்ற இடத்தில். அது பழகியபின் இரண்டு அடி நடந்து விட வேண்டும், ஏனென்றால் நடக்கும்போதுதான் கை ஆடும். போனில் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் எடுத்துக் காட்டினால் பையன் வாதம் செய்ய மாட்டான்.

படி 3: பிடிப்பதும் திருப்புவதும்

பன்ட்டருக்குப் பந்தைப் பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர் நல்ல நண்பனாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வாரம் இரண்டு நாள் அவனோடு 20 ஸ்னாப். எல்லாவற்றையும் உதைக்க வேண்டாம். பிடித்து, தையலை மேலே திருப்பி, விடும் நிலைக்குக் கையைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். உதைப்பதைவிட இதில் காலுக்கு உழைப்பு மிகக் குறைவு, பலன் அதிகம். ஸ்னாப்பர் இல்லாத நாளில் நானே 8 யார்டு தள்ளி நின்று எறிவேன். வேண்டுமென்றே சிலதைத் தாழ்வாக, சிலதை இடப்பக்கம், ஒன்றிரண்டை ஈரத் துண்டில் துடைத்து எறிவேன். அக்டோபர் மழை இரவில் இதன் அருமை தெரியும்.

படி 4: உதைக்கும் நாள்

உதைக்கும் நாளில் முதல் பத்து நிமிடம் பந்தே கிடையாது. மெதுவோட்டம், வேலியைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, பக்கவாட்டில் ஆட்டுவது. நின்ற இடத்தில் இழுத்துப் பிடிக்கும் நீட்சிகளை உதைத்து முடித்தபின் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் 40 உதையை இப்படிப் பிரிப்போம். முதல் 5, அடியெடுத்து வைக்காமல், 15 யார்டு தள்ளி நிற்கும் என் கைக்கு. பாதத்தின் மேலே, ஷூ லேஸுக்குக் கீழே இருக்கும் அந்தக் கெட்டியான எலும்பில் பட்டால் சத்தமே வேறு, பலூன் வெடித்ததுபோல் இருக்கும். விரல் நுனியில் பட்டால் சப்பென்று இருக்கும். அடுத்த 5, ஓரடி வைத்து. அதற்கடுத்த 20தான் முழு உதை: வலது, இடது, உதை. ஐந்து ஐந்தாக நான்கு சுற்று, நடுவே பந்து பொறுக்கும் நடை. கடைசி 10 குறிவைத்து உதைப்பது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முழு உதையில் பையனுக்கு ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். இன்று கை, அடுத்த நாள் உதைத்தபின் உடம்பு இலக்கை நோக்கி நேராகப் போகிறதா என்பது. நான் ஒவ்வொரு உதைக்கும் நான்கு திருத்தம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவன் ஒரு நாள், "அப்பா, நீங்க கார்லயே இருங்களேன்" என்றான்.

நிறுத்தும் விதி ஒன்று உண்டு. முழு உதையில் அடுத்தடுத்து மூன்று, அவன் வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், எண் இருபதே ஆகியிருந்தாலும். களைத்த கால் தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். 'ஒரு நல்ல உதையோடு முடிக்கிறேன்' என்று பையன் கெஞ்சுவான். அந்த ஒரு நல்ல உதைக்காகப் பதினைந்து உதைப்பான், விடாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இந்த 40ஐ 25 ஆக்குங்கள். உயரம் வேகமாகக் கூடும் வருடத்தில், அது எந்த வகுப்பாக இருந்தாலும், அதே 25.

படி 5: வருடத்தைப் பிரிப்பது

நவம்பரில் சீசன் முடிந்ததும் ஐந்து ஆறு வாரம் பந்தைத் தொட வேண்டாம். பேஸ்கட்பால் ஆடட்டும், நீந்தட்டும், சும்மா தூங்கட்டும். ஜனவரியில் ஜிம் ஆரம்பிக்கலாம், வாரம் இரண்டு நாள். ஸ்குவாட், ஒற்றைக் காலில் செய்யும் பயிற்சிகள், தொடையின் பின்தசை, வயிறு. உதைக்கும் காலை மட்டும் பலப்படுத்தும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். தரையில் ஊன்றி மொத்த உடம்பையும் தாங்குவது மற்றக் கால், அதையும் மறக்கக்கூடாது.

பிப்ரவரி கடைசியில் உதை தொடங்கும், வாரம் இரண்டு நாள், 20. வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டி ஏப்ரலில் வாரம் மூன்று நாள், 35 முதல் 45. அடுத்தடுத்த இரு நாட்கள் வேண்டாம். ஜூன், ஜூலையில் கேம்ப் வரும். கேம்ப் போகலாம், நல்ல கோச்சின் ஒரு வாக்கியம் ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்கு முன் இரண்டு நாள், பின் மூன்று நாள் உதை கிடையாது. கேம்ப்பில் 50ஐத் தொட்டதும் "என் கால் இன்றைக்கு முடிந்தது, பார்த்துக் கற்கிறேன்" என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். ஒருமுறை சொல்லிப் பழகினால் கூச்சம் போய்விடும்.

ஆகஸ்ட்தான் ஆபத்தான மாதம். அணிப் பயிற்சி தினமும் வந்துவிடும்; தனிப் பயிற்சியையும் விடாமல் செய்தால் காலுக்கு இரட்டைச் சுமை. ஆகஸ்டில் தனிப் பயிற்சியை முற்றிலும் நிறுத்தி, கைப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

படி 6: சீசன் வாரம்

எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளை அப்படியே தருகிறேன். திங்கள் 35, முழுப் பயிற்சி. செவ்வாய் அணியோடு 10, மீதி ஸ்னாப் பிடிப்பது. புதன் 25, பாதி குறிவைத்து. வியாழன் 5, அதுவும் மெதுவாக, பெரும்பாலும் பூஜ்யம். வெள்ளி, ஆட்டத்துக்கு முன் 15, ஆட்டத்திலும், மைதான ஓரத்தில் உதைத்துப் பழக வைத்திருக்கும் பக்கக்கோட்டு வலையிலும் சேர்த்து 10. சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை.

கூட்டினால் 100. ஒரு வாரம் ஆட்டத்தில் எட்டுப் பன்ட் வந்துவிட்டால் அடுத்த திங்கள் 25 ஆகிவிடும். அக்டோபர் நடுவில் கால் கனக்கிறது என்பான். அந்த ஒரு வாரம் திங்களும் புதனும் பாதியாக வெட்டுங்கள். எங்கள் நோட்டின்படி, அப்படி வெட்டிய வாரத்து வெள்ளிக்கிழமைதான் அவன் வாழ்க்கையிலேயே அதிக ஹேங் டைம், 4.3.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருகிறேன். பள்ளி அணியில் பன்ட், ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது), கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) மூன்றையும் பெரும்பாலும் ஒரே பையன்தான் செய்வான். மூன்றுக்கும் தனித்தனி கோச் இருந்தால் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு 30 கேட்பார்கள். கால் ஒன்றுதான். கிக்ஆஃப் என்பது ஓடி வந்து முழு பலத்தில் உதைப்பது. அதை இரண்டு உதையாக எண்ணுங்கள். அருகிலிருந்து உதைக்கும் ஃபீல்ட் கோலை அரை உதையாக எண்ணலாம். எல்லாம் அந்த நூறுக்குள். பன்ட் 50, கிக்ஆஃப் 15, ஃபீல்ட் கோல் 40 என்றால் கணக்குச் சரியாக வரும். இதைத் தலைமைக் கோச்சிடம் சீசனுக்கு முன்பே, பையனை விட்டே, தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பா போய்ப் பேசினால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

படி 7: குறிவைத்து உதைப்பது

மைதான நடுவிலிருந்து பன்ட் செய்யும்போது பலம் தேவையில்லை. பந்து எதிரணியின் 10 யார்டு கோட்டுப் பக்கம் விழுந்து நிற்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களின் பள்ளி விதிப்படி, பன்ட் செய்த பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிய உடனே அது டச்பேக். எதிரணிக்குப் பந்து 20 யார்டு கோட்டில் கிடைத்துவிடும். டிவியில் பார்ப்பதுபோல் நம் ஆள் பாய்ந்து உள்ளேயிருந்து தட்டிவிட முடியாது. கல்லூரி விதிப்படி ஆடும் டெக்சஸ் பள்ளிகளில் மட்டும் கணக்கு வேறு.

இதற்கு ஆஸ்திரேலியர்களின் டிராப் பன்ட் கைகொடுக்கும். மூக்கைக் கீழே செங்குத்தாகப் பிடித்து விட்டு, கீழ் முனைக்குப் பக்கத்தில் உதைப்பது. பந்து சுழலாமல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும், தரையில் பட்டால் முன்னே ஓடாமல் நிற்கவோ திரும்பி வரவோ பார்க்கும். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆட்டக்காரரான டேரன் பென்னெட் 1995 முதல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்கு ஆடி, இதை என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) ரசிகர்களுக்குப் பழக்கினார். இன்று கல்லூரி அணிகளில் ஆஸ்திரேலியப் பன்ட்டர்கள் நிறையப் பேர்.

பயிற்சிக்கு 10 யார்டு கோட்டில் ஒரு வாளியும் பக்கக்கோட்டில் ஒரு துண்டும் வைப்போம். 40 யார்டிலிருந்து பத்து உதை. 12 யார்டுக்குள் விழுந்து கோல் கோட்டைத் தாண்டாதது எத்தனை என்று எழுதுவோம். பத்துக்கு ஆறு வந்தால் பள்ளி அளவில் அருமை. இவை மெதுவான உதைகள், ஆனாலும் எண்ணிக்கையில் சேரும்.

வலி வந்தால்

தொடை முழுக்க மந்தமாக வலிக்கிறது, ஓடி உடம்பு சூடானதும் குறைகிறது என்றால் அது உழைத்த வலி. ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். விரலால் ஓரிடத்தைத் தொட்டு 'இங்கே' என்று காட்டுகிறான் என்றால், அதுவும் இடுப்பின் முன்பக்கமோ முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடமோ என்றால், அன்றே நிறுத்திவிட்டுப் பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னரிடம் காட்டுங்கள். 'பட்' என்று உணர்ந்தான், காலை மடக்கித் தூக்க முடியவில்லை, நொண்டுகிறான் என்றால் மருத்துவரும் எக்ஸ்ரேயும். வலி மாத்திரை போட்டு வெள்ளிக்கிழமை ஆடவைக்கும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் ஏற்காதீர்கள். குணமாகித் திரும்பும்போது 10, 15, 20 என்று புதிதாக ஏறவேண்டும். நாங்கள் நான்கு வாரம் விட்டதைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவர இன்னொரு நான்கு வாரம் ஆனது.

வெள்ளிக்கிழமை இரவு

ஆட்டம் ஏழு மணிக்கு என்றால் ஆறே கால் வாக்கில் மைதானத்தில் இறங்கி, காற்று எந்தப் பக்கம் என்று இரு திசையிலும் உதைத்துப் பார்க்க வேண்டும். அந்த 15 அதற்குத்தான். கூட்டம் பார்க்கிறது என்று அப்போதே முழுப் பலத்தைக் காட்டும் பையன்கள் உண்டு. நம் பையன் 12ஆவது உதையில்தான் முழு வேகத்தைத் தொட வேண்டும்.

ஆட்டத்தின்போது நம் அணிக்கு மூன்றாவது முயற்சி என்றதும் ஹெல்மெட்டை மாட்டி, பக்கக்கோட்டு வலையில் ஒரே ஓர் உதை. போன பன்ட் முடிந்து அரை மணி ஆகியிருந்தால் இரண்டு. நவம்பர் குளிரில் அந்த அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் கட்டையாகிவிடும், பந்தும் கல்லாக இருக்கும். நடந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள். கையில் பந்தை வைத்துக்கொண்டு, உதைக்காமல், நடந்து நடந்து விட்டுப் பிடித்துக்கொண்டிருப்பான். அதை யாரும் எண்ண வேண்டாம்.